80-க்கு மேல போகாதுங்க

மஞ்சள் போர்டு டூரிஸ்ட் கார் ஓட்டுகிறவர்களில் பலருக்கு ஸ்பீடு கவர்னர் என்றாலே ஆகாது. எனக்கு அது நிம்மதியைத்தான் தந்தது.

அதற்கு முன் ஓட்டிய காரில் வேகம் முழுக்க என் காலில் இருந்தது. பின்சீட்டிலிருந்து "அண்ணே, கொஞ்சம் மிதிங்க, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு" என்று குரல் வந்தால், மனசு வேண்டாம் என்னும். கால் அழுத்தப் பார்க்கும். கவர்னர் உள்ள வண்டி கைக்கு வந்ததும் அந்த இழுபறி ஒழிந்தது. 80 கிலோமீட்டரைத் தொட்டதும் இன்ஜினுக்குப் போகும் எரிபொருளை அது குறைத்துவிடும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி எழும்பாது. "80-க்கு மேல போகாதுங்க" என்றால் கேட்டவரும் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். சீக்கிரமே எனக்குள்ளும் அவசரம் அடங்கியது.

அந்த அடக்கம் மலையில்தான் பெரிதும் உதவியது. கவர்னர் எரிபொருளைக் குறைக்குமே தவிர பிரேக் பிடிக்காது. குன்னூரிலிருந்து பர்லியாறு பக்கம் இறங்கும்போது வண்டி தன் எடையிலேயே ஓடும். "ஏறுன கியர்லயே இறங்கு தம்பி" என்று மூத்த டிரைவர்கள் சொல்லித் தந்ததுதான் அங்கே காப்பாற்றும்.

பனிமூட்டத்தில் 80 என்ற வரம்புக்கே பொருளில்லை. மழைக்காலத்தில் எல்லநள்ளி பக்கம் மேகம் ரோட்டிலேயே இறங்கி நிற்கும். ஹைபீம் போட்டால் ஒளி நீர்த்துளிகளில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பியதுபோல் ஆகிவிடும். டிம்மில் வைத்து, பம்பரில் தாழ்வாக இருக்கும் ஃபாக் லைட்டைப் போட்டால் ஒளி அகலமாக விரிந்து ரோட்டோரக் கோட்டையும் தடுப்புச் சுவரின் அடியையும் காட்டும். தூரத்தில் நிற்கும் லாரியை அது காட்டாது. 60-இல் போகும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. 20 மீட்டர்தான் தெரிகிறது என்றால், கால் பிரேக்குக்குப் போய்ச் சேர்வதற்குள் தெரிந்த ரோடு ஏறக்குறைய தீர்ந்துபோகும். ஃபாக் லைட் இருக்கிறதே என்று வேகம் கூட்டுவது அதனால்தான் ஆபத்து. நான்கு இண்டிகேட்டரையும் மினுக்கிக்கொண்டே ஓட்டுவதும் தவறு. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பனி விலகியதும் ஃபாக் லைட்டை அணைக்க வேண்டும். பிரிட்டனில் பார்வைத் தூரம் சுமார் 100 மீட்டருக்குக் கீழே குறைந்தால்தான் அதைப் போடலாம் என்று சாலை விதி சொல்கிறது. இங்கே மேட்டுப்பாளையம் ரோட்டில் நிலா வெளிச்சத்திலும் எரியவிட்டு வருகிறார்கள். எதிரே பைக்கில் வருபவர் கண் கூசித் தடுமாறுவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

மீண்டும் வேகத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் 2019 ஜூலை முதல் புதிய கார்களில், 80-ஐத் தாண்டினால் எச்சரிக்கை மணி விட்டுவிட்டு ஒலிக்கும். 120-ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாலையின் வேக வரம்பை அறிந்து எச்சரிக்கும் கருவி 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம். சொந்தக் கார்களிலும் கவர்னர் வரவேண்டும் என்பதே என் ஆசை. பனியில் எத்தனை வேகம் என்பதை அது சொல்லாது, ஓட்டுகிறவர் கண்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆனால் 80 போதும் என்று பழகிய மனசு, 20-க்கு இறங்கச் சொன்னால் சண்டை போடாது. என் மனசு போடுவதில்லை.