பட்டு எத்தனை கட்டம்?

காஞ்சிபுரம் ஜவுளிக் கடைகளுக்கு இருப்புக் கணக்கு மென்பொருள் எழுதித் தருவது என் தொழில். கோளாறு பார்க்க உட்கார்ந்தால் டெர்மினல்தான். பைதானில் சேலைப் பட்டியலை அச்சிட்டால் ஆங்கிலப் பெயர்கள் வரிசை பிசகாது. அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து என்று நிறங்கள் தமிழில் வந்ததும் விலைகள் கோணல்மாணலாகிவிடும்.

இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பது வீண்வேலை. யார் எதை எண்ணுகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். ‘பட்டு’ நமக்கு 3 எழுத்து. பைதானின் லென் 5 என்கிறது: ப, ட, புள்ளி, ட, உகரக் குறி ஒவ்வொன்றுக்கும் தனி யூனிகோடு எண். யூடிஎஃப்-8 கோப்பில் அதுவே 15 பைட். டெர்மினல் எண்ணுவது கட்டங்களை. புள்ளிக்குப் பொதுவாகக் கட்டம் கிடையாது. உகரக் குறிக்குச் சில டெர்மினல்கள் தரும், சில தராது. 10 இடம் ஒதுக்கச் சொன்னால் பைதான் 5 வெற்றிடம் சேர்க்கும். திரையில் நிரம்புவது 9 கட்டமோ 8 கட்டமோதான்.

இன்னும் இரண்டு பொறிகள் உண்டு. ‘கோபுரம்’ என்பதன் ‘கோ’வை ஒரே துணைக்குறியாலும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் எனப் பிரித்தும் எழுதலாம், பார்வைக்கு ஒன்றுதான், நீளம் வேறு. யூனிகோடு இயல்பாக்கம் செய்தால் சரியாகும். அடுத்தது வண்ணம்: சிவப்பாக்கும் எஸ்கேப் குறி 5 எழுத்து, அதை நீக்குவது 4. கண்ணுக்குத் தெரியாது, லென்னுக்குத் தெரியும். முதலில் வெற்றிடம் நிரப்பு, பிறகு வண்ணம் பூசு. சந்தேகம் வந்தால் பைதானின் ஆஸ்கி சார்பில் போட்டுப் பார்த்தால் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வந்துவிடும்.

டெர்மினலின் 80 கட்டம் 1928-இல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வந்த வழக்கம். அந்தத் துளை அட்டைக்கு முன்னோடி, எங்கள் ஊர்த் தறிகளில் கரைக்கும் முந்திக்கும் உரு எடுக்கும் ஜக்கார்டு அட்டை. கணினி அட்டையில் எழுத்துக்கு ஒரு நெடுவரிசை என்பது கணக்கு. கொம்பும் காலும் புள்ளியும் அந்தக் கணக்கில் இல்லை.

அதனால் நான் இப்போது அகலத்தைக் கணிப்பதே இல்லை. பெயரை அச்சிட்டதும், 30-ஆம் நெடுவரிசைக்குப் போ என்று எஸ்கேப் கட்டளை கொடுத்துவிட்டு விலையை எழுதுகிறேன். பெயர் எத்தனை கட்டம் பிடித்தது என்பது டெர்மினலின் பாடு. கோப்பில் எழுதும்போது இது செல்லாது. அங்கே எண்கள் முன்னால், தமிழ்ப் பெயர் வரியின் கடைசியில். அதற்குப் பின்னால் கோணலாக எதுவும் இல்லை.