அழைக்காமல் விட்ட மெத்தட்

பேஸ் கிளாஸை அழைக்கும் மெத்தடை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சோதிக்காமல் விட்டேன்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை. லைனில் போல்ட் முறுக்கும் கருவி, எத்தனை நியூட்டன் மீட்டரில் இறுக்கியது என்பதைக் கணினிக்கு அனுப்பும். அடுத்த பாகத்தின் பார்கோடை ஸ்கேன் செய்ததும் முந்தைய பாகத்தின் அளவுகள் அழிய வேண்டும். எல்லா ஸ்டேஷனுக்கும் பொதுவான இந்த வேலை பேஸ் கிளாஸில் இருந்தது. புதிய மாடலுக்காக அந்த மெத்தடை ஓவர்ரைடு செய்தேன். ரீவொர்க்குக்குத் திரும்பி வந்த பாகமா என்று முதலில் பார்த்து, ஆமென்றால் அங்கேயே ரிட்டர்ன் ஆகும்படி எழுதினேன். பேஸ் கிளாஸை அழைக்கும் வரி அதற்குக் கீழே இருந்தது. ரீவொர்க் பாகம் வந்தால் பழைய அளவுகள் அழியாமல், அதன் கணக்கிலேயே ஏறிவிடும்.

யூனிட் டெஸ்ட் எழுதாமல் இல்லை. பேஸ் மெத்தட் கருவியோடு நெட்வொர்க்கில் பேசும் என்பதால், டெஸ்டில் அதையே வெறும் மெத்தடாக மாற்றி வைத்தேன். அழிக்கும் வேலையும் அதோடு போயிற்று. டெஸ்ட் எல்லாம் பச்சை. நெட்வொர்க் பகுதியைத் தனி ஆப்ஜெக்டாகப் பிரித்து அதை மட்டும் மாக் செய்திருக்கலாம். பேஸ் கிளாஸ் நிஜமாகவே ஓடியிருக்கும். ஸ்கேனுக்குப் பின் அளவுகள் காலியா என்று பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

இந்தப் பிழை உலகத்துக்குப் புதிதல்ல. ஆண்ட்ராய்டில் ஆக்டிவிட்டியின் ஆன்கிரியேட்டை ஓவர்ரைடு செய்துவிட்டு சூப்பரை அழைக்க மறந்தால், அந்த இடத்திலேயே எக்ஸெப்ஷன் எறியும். 1994இல் வந்த 'டிசைன் பேட்டர்ன்ஸ்' நூலின் டெம்ப்ளேட் மெத்தட் இன்னும் பாதுகாப்பான வழி: வரிசையைப் பேஸ் கிளாஸ் தன்னிடமே வைத்துக்கொள்ளும், சப் கிளாஸ் இடையில் உள்ளதை மட்டும் நிரப்பும். இரண்டும் தெரிந்தவன்தான் நான். டெலிவரி தேதி நெருங்கியது என்பது காரணமாகாது.

ஆடிட்டில் அளவுகள் மாறியிருந்தது தெரிந்தது. தவறான பாகத்தை ஸ்கேன் செய்தார் என்று ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு மெமோ கொடுத்தார்கள். "நான் சரியாத்தான் சார் ஸ்கேன் பண்ணேன்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அன்றிரவே லாக்கைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். வரியை மேலே நகர்த்தி, 'சிறு திருத்தம்' என்று கமிட் செய்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். பிழையைவிட இதுதான் பெரிய குற்றம். ஒப்பந்தம் முடிந்ததும் அவரை மீண்டும் எடுக்கவில்லை.

குவாலிட்டி மேலாளருக்கு லாக்கோடு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த மெமோவை ரத்து செய்து, அவரைத் திரும்ப வேலைக்கு அழைக்க வேண்டும்.