பூட்டிய கடையும் பொதுக்கூட்டமும்

பெரிய கடையொன்று பூட்டப்படப் போகிற செய்தி கடைசியாகப் போய்ச் சேருவது அதற்குள் வேலை செய்கிறவர்களுக்குத்தான். 2015 ஜனவரி 15ஆம் திகதி காலை, கனடாவில் டார்கெட் கடைகளின் வேலையாட்களைக் கூட்டி, நாட்டிலுள்ள 133 கடைகளும் மூடப்படுகின்றன என்று அறிவித்தார்கள். 17,000க்கும் மேற்பட்டோரின் வேலை அன்றைக்கே முடிவானது. முதற்கடை திறந்து இரண்டு வருஷம்கூட நிறைந்திருக்கவில்லை.

ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சாள் வேறொரு பெரிய கடையில் காசு வாங்கும் மேசையில் நின்றவள். சில வருஷம் கழித்து அவளுக்கும் அப்படியொரு காலை வந்தது. திருகோணமலைக் கரையில் இருக்கிற எங்கள் ஊரான இறக்கக்கண்டியில் பிறந்து, கரைவலைக் காலத்தில் விடியமுன் எழும்பிப் பழகியவள். வேலைக்குப் பிந்திப் போகாதவள். தொலைபேசியில் அவள் கேட்டது ஒரே கேள்வி. "இரவு வரைக்கும் தட்டில சாமான் அடுக்கினோம் மச்சாள். அவங்களுக்கு முதலே தெரியும்தானே? ஏன் எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

அதற்குப் பதில் தேடத்தான் இப்படிப் பூட்டிய பெரிய கடைகளின் கதைகளை வாசிக்கத் தொடங்கினேன். பதில் கொடுமையானது, ஆனால் சிக்கலானதில்லை. முன்கூட்டிச் சொன்னால் கடை அடுத்த கிழமையே விழுந்துவிடும். அதனால்தான் சொல்வதில்லை.

பெரிய கடைகள் சோப்பையும் பிஸ்கட்டையும் பால்மாவையும் கம்பனிகளிடம் ஒரு மாதம், இரண்டு மாதம் தவணைக்கு எடுக்கின்றன. எங்களிடமோ அன்றைக்கே காசு வாங்கிவிடுகின்றன. இடையில் கையில் நிற்கிற காசு இன்னொருவருக்குக் கொடுக்கவேண்டிய காசு. ஆனாலும் அதை வைத்து இன்னொரு கடை திறக்கலாம். அந்தக் கடைக்கும் தவணையில் சரக்கு வரும். கடைகள் பெருகிக்கொண்டிருக்கும்வரை பழைய கடனைப் புதிய விற்பனை கட்டும். பெருக்கம் நின்றதும் குறை தலைகாட்டும். சரக்குக் கொடுத்தவர்களில் ஒருவருக்குச் சந்தேகம் வந்து, காசு வைத்தால்தான் சரக்கு என்று சொல்லிவிட்டால், மற்றவர்களும் அதையே சொல்வார்கள். தட்டுகள் வெறுமையாகும். வெறுந்தட்டைக் கண்ட சனம் பக்கத்துக் கடைக்குப் போகும். இந்தச் சந்தேகத்தைத் தள்ளிப்போடத்தான் மேலே இருக்கிறவர்கள் கடைசி நாள்வரை வாய் திறப்பதில்லை. எங்களுக்குத் திடீரென்று தெரிகிற பூட்டு, பலவேளைகளில் மாதக்கணக்காக மறைத்து வைக்கப்பட்டிருந்த பூட்டு.

தமிழ்நாட்டில் இது முழுசாக நடந்தது சுபிக்ஷாவில். 1997இல் சென்னை திருவான்மியூரில் ஆர். சுப்பிரமணியன் தொடங்கிய கடை. யோசனை நல்ல யோசனை. பளபளப்பு இல்லை, குளிரூட்டி இல்லை, வீடுகளுக்குக் கிட்டச் சின்னச் சின்ன இடங்கள். மளிகையும் மருந்தும் அச்சிட்ட விலையிலும் குறைவு. மாதச் சம்பளக் குடும்பங்கள் அதை நம்பின, நம்பியதற்குக் காரணமும் இருந்தது. பத்து வருஷம்போல் பெரும்பாலும் தமிழ்நாட்டுக்குள் நிதானமாக வளர்ந்த கடை, பிறகு இந்தியா முழுவதற்கும் ஓடத் தொடங்கியது. 2008இல் கடைகள் ஏறக்குறைய 1,600. அந்த ஓட்டத்துக்கு வேண்டிய பணத்தில் பெரும்பகுதி கடன். அந்த வருஷம் செப்டெம்பரில் அமெரிக்காவில் லீமன் பிரதர்ஸ் வங்கி விழுந்ததும் கடன் கொடுப்போர் எல்லா இடத்திலும் கையை இழுத்துக்கொண்டார்கள். சில மாதங்களிலேயே சுபிக்ஷாவில் கைக்காசு தீர்ந்தது. சம்பளம் நின்றது, வாடகை நின்றது, சரக்கு நின்றது. 2009 தொடக்கத்தில் கடைகள் எல்லாம் பூட்டு. காவலுக்கு நின்றவர்களுக்கும் கூலி இல்லாமற் போக, அவர்களும் போய்விட்டார்கள். பூட்டிய கடைகள் பல உடைக்கப்பட்டுக் களவு போயின.

இதில் எனக்கு மனம் பொறுக்காத இடம், ஊழியர்களின் சம்பளப் பாக்கிதான். வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கிய பிள்ளைகளாக அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். கனடாவின் டார்கெட் கதை அப்படியில்லை; அதன் தாய்க் கம்பனியிடம் பணம் இருந்தது. ஊழியருக்கென்று ஏழு கோடி டொலர் ஒதுக்கி, குறைந்தது 16 கிழமைச் சம்பளத்துக்கு வழிசெய்தார்கள். அங்கே விழுந்த காரணமும் வேறு. ஒரே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகளை அவசரமாகத் திறந்தார்கள், பொருட்களின் விபரங்கள் கணினியில் பிழை பிழையாக ஏறின, களஞ்சியம் நிரம்பி வழிகையில் கடைத்தட்டு காய்ந்து கிடந்தது. நட்டத்தோடு நிற்பதைவிட வெளியேறுவது மலிவு என்று இன்னொரு நாட்டில் இருந்தவர்கள் முடிவெடுத்தார்கள். காரணம் எதுவானாலும், இரண்டு இடத்திலும் முடிவு எடுத்த மேசைக்குப் பக்கத்தில் கடை இருந்த தெருவில் வசிக்கிற ஒருவர்கூட இருக்கவில்லை.

கடை பூட்டப்போகிறது என்று தெரிந்தால் சனம் என்ன செய்யும்? முதலில் ஓடிப்போய் வாங்கும். பிரித்தானியாவில் வூல்வேர்த்ஸ் 2009 ஜனவரி 6ஆம் திகதி கடைசிக் கதவைச் சாத்துவதற்கு முன், விற்க ஒன்றும் மிச்சமில்லாமல் தட்டுகளையும் தளபாடங்களையும் விற்றார்கள். 800க்கும் மேற்பட்ட கடைகள், சுமார் 27,000 வேலைகள். தன் கடையில் தள்ளுபடி ஏற ஏற, ஒருநாளும் வராத முகங்கள் எல்லாம் வந்ததாக மச்சாள் சொன்னாள். பாதி விலையில் அள்ளிக்கொண்டு போகிறவர்கள் அவளைப் பார்த்து "ஐயோ, பூட்டப் போறீங்களா?" என்று கேட்பார்களாம். அவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை. வாரம் முழுக்க வந்து இரண்டு வார்த்தை பேசிப் போகிற தனித்த கிழவர் ஒருவர் இனி எங்கே போவார் என்பதே அவள் கவலை. அந்தக் கவலையை எந்தக் கம்பனியின் கணக்கிலும் எழுதுவதற்கு ஒரு வரி கிடையாது.

எங்கள் ஊருக்கு அப்படியொரு கடை வந்ததே இல்லை, ஆகவே போகவும் இல்லை என்று யாரும் சொல்லலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. இலங்கையில் ஒரு காலத்தில் எந்தக் கம்பனியின் கடைகளும் கிட்ட நிற்க முடியாத அளவுக்குப் பெரிய கடைத்தொடர் ஒன்று இருந்தது. அதன் கிளை இல்லாத ஊர் குறைவு. நாங்கள் அதைச் சங்கக்கடை என்று கூப்பிட்டோம்.

இரண்டாம் உலக யுத்தந்தான் அதைப் பெருக்கியது. 1942இல் பர்மா ஜப்பான் கைக்குப் போக, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஏப்ரல் 9ஆம் திகதி எங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலேயே குண்டு விழுந்தது. அரிசியைப் பங்கிட்டுக் கொடுக்கும் முறை வந்தது. பங்கிடுவதற்குக் கூட்டுறவுக் கடைகள் நாடெங்கும் முளைத்தன. அவற்றுக்குச் சரக்குக் கொடுக்கிற மொத்த விற்பனை நிலையத்துக்கு 1949இல் சட்டம் வந்தது. சதொச என்று இன்றைக்கும் வழங்குகிற பெயரின் வேர் அங்கே இருக்கிறது. 1957இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் சின்னச் சங்கங்களையெல்லாம் சேர்த்து நாடு முழுவதற்கும் முந்நூற்றுச் சொச்சம் பெரிய சங்கங்களாக்கினார்கள். அப்படிச் சேர்த்தபோதே, கிளைக்கடையின் கணக்கு ஊரைவிட்டுத் தலைமைக் காரியாலயத்துக்குப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

பங்கீட்டுக் கூப்பன் மட்டையைக் கொண்டுபோய் நீட்டினால் மனேச்சர் அதில் அடையாளமிட்டு அரிசி அளப்பார். மண்ணெண்ணெய் வாசமும் சாக்கு வாசமும் கலந்த இருட்டுக் கடை. இறக்கக்கண்டித் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே வரிசையில் நின்றார்கள்; வள்ளம் வைத்திருந்தவரும் வலை இழுத்தவரும் அதே வரிசைதான். சீத்தைத்துணி வந்திருக்கிறது என்று ஒரு சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார்கள். பொருள் இல்லாத காலம் அது, அதைப் பொற்காலம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் சாமான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு எங்கள் முன்னால் ஒரு ஆள் நின்றார். அவர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் கலியாணவீட்டுக்கு வருகிறவர். பங்குக்காசு கட்டிய அங்கத்தவர் என்ற உரிமையோடு என் அம்மா அவரிடம் சண்டை பிடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

1977இல் பொருளாதாரம் திறந்தது. 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. அரிசிக்குச் சங்கக்கடைக்குத்தான் போகவேண்டும் என்ற கட்டாயம் போனதும் அதன் காலுக்குக் கீழே இருந்த மண் போனது. மேலே கட்சிக்காரரின் நியமனங்கள், கீழே தேங்கிய சரக்கும் தராத கடனும். 1990இல் மறுபடி சண்டை மூண்டபோது இந்தக் கரையில் பல ஊர்கள் வெறுமையாகின. வாங்க ஆளில்லாத ஊரில் கடை எப்படி நிற்கும்? ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் இடம்பெயர்ந்தவர்களுக்கு உலர் உணவைப் பங்கிட்டுக் கொடுத்தது கூட்டுறவுச் சங்கங்கள்தான். 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி எங்கள் கரையைச் சிதைத்த பிறகும், ஆளுக்குக் கிழமைக்கு 375 ரூபாய் நிவாரணத்தில் 175 ரூபாய்க்குரிய சாமான் சங்கக்கடை வழியாகத்தான் வந்தது. இலாபம் பார்க்கிற எந்தக் கடையும் அன்றைக்கு அந்த மணலில் வந்து தராசு வைத்திருக்காது. அந்தச் சங்கங்களில் பல நட்டத்தில் கிடந்தவை என்பதையும் சேர்த்தே இதைச் சொல்லவேண்டும்.

சங்கக்கடை ஒரு காலையில் பூட்டவில்லை. முதலில் துணி இல்லை, பிறகு சீனி ஒருநாள் இருக்கும் ஒருநாள் இராது, பிறகு கிழமையில் இரண்டு நாள் திறப்பு, பிறகு அதுவும் இல்லை. ஒவ்வொரு படியையும் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். வருஷப் பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் ஒட்டுவார்கள். போனவர்கள் கொஞ்சம் பேர். இங்கே எதுவும் மறைக்கப்படவில்லை. கேட்க உரிமை இருந்தும் கேட்காமல் இருந்த ஊர் நாங்கள். அதனால் இந்தப் பூட்டு மச்சாளின் கடைப் பூட்டைவிட எனக்குக் கூட வலிக்கிறது.

இப்போது அவசரத்துக்கு எங்களுக்கு இருப்பது, காக்கா என்று நாங்கள் கூப்பிடுகிறவர் ஊரில் நடத்துகிற கடை. பெரிய கடை நடக்கிற விதத்துக்கு நேர்மாறாக அது நடக்கிறது. கார்த்திகையில் வாடைக்காற்று எழும்பினால் கடல் கொந்தளிக்கும், தோணி இறங்காது. அந்த மாதங்களில் அரிசி, மா, பருப்பு எல்லாம் கடன் கொப்பியில் ஏறும். பங்குனி, சித்திரையில் கடல் படிந்து மீன் பட்டால்தான் கொப்பி இறங்கும். வாடை முடியும்வரை எங்களுக்காகப் பொறுத்திருக்க எந்தக் கணினிக்கும் தெரியாது. பட்டணத்தில் குளிரூட்டிய கடைக்குப் போய் முழுக்காசும் கொடுத்து வாங்கிவிட்டு, கடனுக்கு மட்டும் காக்காவிடம் வந்தால் அவர் எத்தனை வாடை தாங்குவார்?

பொருளாதார நெருக்கடி வந்த 2022இல் இந்தக் கொப்பி முறையும் கிட்டத்தட்ட முறிந்துபோனது. செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. எஞ்சின் போட்ட தோணிகள் மணலில் கிடந்தன. தொழில் இல்லை, கொப்பி இறங்கவில்லை, காக்காவுக்குச் சரக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரியோ கைக்காசு கேட்டார். காக்கா ஒரு பின்னேரம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என்னால இனி ஒரு மாசந்தான் முடியும். முடிஞ்ச ஆக்கள் பாதியாவது கட்டுங்க." அவருக்கு அப்படிச் சொல்ல வெட்கமாக இருந்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்னார். சிலர் காப்புகளை அடைவு வைத்துக் கட்டினார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் சிலர் தங்கள் வீட்டுக் கொப்பியை முழுதாகத் தீர்த்தார்கள். கடை நின்றது. பெரிய கடைகளின் முதலாளிமார் பயந்து மறைக்கிற வார்த்தையைத்தான் அவர் வாய்விட்டுச் சொன்னார். அந்த வார்த்தை அவர் கடையை விழுத்தவில்லை.

எங்கள் கிளைக்கடை பூட்டிக் கிடந்தாலும், சங்கத்தின் பொதுக்கூட்டம் இன்னமும் கூடுகிறது. அம்மாவின் பங்கு என் பெயருக்கு மாறியிருக்கிறது, ஆகவே எனக்கும் அங்கே ஒரு கதிரை உண்டு. இந்த முறை போகிறேன். பக்கத்து வீட்டு மாமியும், காக்காவின் மகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். எங்கள் கிளைக் கட்டடம் யார் கையில் இருக்கிறது? கடைசியாகக் கணக்காய்வு எப்போது முடிந்தது? சங்கம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், சங்கத்துக்கு யார் யார் எவ்வளவு தர வேண்டும்? வாடை மாதங்களில் மட்டுமாவது கிளையைத் திறந்து, பங்குக்கு ஏற்ற கடன் கொடுக்க முடியுமா, அதற்கு எவ்வளவு முதல் வேண்டும்? பதில்களைக் கூட்டத்தின் அறிக்கைக் கொப்பியில் எழுதும்படியும் கேட்போம்.