பெத்ரிகிவ்கா: ஒரு சிற்றூரின் சுவர்கள்

வரலாறு என்றால் கல்லும் செப்பேடுமே என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். வரலாறு பயிலும் மாணவருட் பலர்க்கு இம்மயக்கம் உண்டு. நூலகத்தில் தற்செயலாகக் கைக்குக் கிடைத்த ஓர் ஓவியத் தொகுதியே அவ்வெண்ணத்தை அசைத்தது. உக்ரேனில் தினிப்ரோ ஆற்றுப் பிரதேசத்தைச் சேர்ந்த பெத்ரிகிவ்கா என்னும் சிற்றூரின் பூ ஓவியங்கள் அதில் இருந்தன.

1772இல் சப்பரோசியக் கொசாக்கியரின் தலைவர் பெத்ரோ கல்னிஷெவ்ஸ்கியின் ஆதரவில் இவ்வூர் எழுந்தது என்பர். 1775இல் பேரரசி கத்தரீனின் படைகள் கொசாக்கியரின் கோட்டையை அழித்தன. கல்னிஷெவ்ஸ்கி வடக்கே வெண்கடலிலுள்ள சொலவெத்ஸ்கி மடத்தில் சிறைவைக்கப்பட்டு, 1803இல் அங்கேயே மறைந்தார். ஊர் எஞ்சியது. அவ்வூரார் நிலப்பிரபுக்களுக்கு அடிமைப்படாதிருந்தமையே அவர்தம் கலை செழிக்கக் காரணம் என எழுதுவோர் உளர். ஓரளவு உண்மையாகலாம், ஆயினும் அடிமைப்படாதோர் அனைவரும் ஓவியராகிவிடுவதில்லை.

வெள்ளையடித்த சுவர்களிலும் அடுப்பைச் சூழவும் குடியானவப் பெண்கள் பூவுங் கொடியும் வரைந்தனர். பூனை மயிராற் கட்டிய தூரிகை. வண்ணத்தைப் பிணைக்க முட்டையின் மஞ்சட்கரு. சிறு பழங்களை விரல் நுனியால் ஒற்றினர். முன்வரைவு என்பது கிடையாது. சுவருக்கு மீண்டும் வெள்ளை பூசும்போது பழைய ஓவியம் மறைந்துவிடும். புதிதாக வரைய வேண்டும். ஆதலால் அப்பழஞ் சுவரோவியங்களுள் எஞ்சியவை மிகச் சில. வரைந்தவர்தம் பெயர்கள் அவற்றினும் அரியன. ஆவணங்களை மட்டுமே நம்பும் என் போன்றோர்க்கு இது சங்கடமான செய்தி. கடதாசியில் வரைந்து சந்தையில் விற்கும் வழக்கம் வந்த பின்னரே ஓவியங்கள் வெளியார் கைகளிற் சேர்ந்தன.

1958இல் ஃபெதிர் பாங்கோ அங்கே ஒரு பட்டறையை அமைத்தார். மெருகெண்ணெய் பூசிய பெட்டிகளில் அப்பூக்கள் நினைவுப் பொருள்களாகிப் பிறநாடுகளுக்குஞ் சென்றன. அவற்றுட் சில எனக்கு அலுப்பைத் தருகின்றன என்பதை மறைக்க விரும்பவில்லை. 2013இல் யுனெஸ்கோ இக்கலையைத் தன் பட்டியலிற் சேர்த்தபோது பதிவு பெற்றது எந்தச் சுவருமன்று, கைப்பழக்கமே.

என் மனம் நிலைப்பது தெத்தியானா பாத்தா (1884–1976) என்னும் குடியானவப் பெண்ணிடத்தே. 1936இல் அவ்வூரில் ஓவியப் பள்ளியொன்று தொடங்கியபோது அங்கே கற்பித்தவர் அவர். 1941இல் போர் வந்தது, பள்ளி மூடப்பட்டது. அதற்கு முன்பே அவருடைய மாணவியருள் ஒருவரான மார்ஃபா திம்சென்கோ கீவ் நகரம் போய்விட்டார். பின்னாளில் அந்நகரத்துப் பீங்கான் தொழிலகத்திலே, தட்டுகளிலும் பூச்சாடிகளிலும், தம் ஆசிரியையிடம் பழகிய தீற்றல்களை அவர் இட்டு வந்தார்.