ரோட்டில் காய்ந்த வத்தல்

அருப்புக்கோட்டையில் ஏறும்போதே பஸ்ஸில் கூட்டம். எப்படியோ ஜன்னலோரம் கிடைத்தது. உட்கார்ந்து இப்னு பதூதாவை விரித்தேன். அந்த மொராக்கோக்காரர் 1344இல் இலங்கையின் புத்தளத்தில் கரையிறங்குகிற இடம். வெளியே மாசி வெயில், கரிசல், சீமைக்கருவேலம். புத்தகத்துக்குள்ளோ கரை நெடுகக் கறுவாக்கட்டை. காட்டாற்று வெள்ளம் அடித்துவந்து குவித்ததாம். மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருகிறவர்கள் விலையில்லாமல் அள்ளிக்கொண்டு, அரசனுக்குத் துணிமணி கொடுத்துவிட்டுப் போவார்களாம். மாபார் என்று அரபிகள் சொன்னது நம் கிழக்குக் கரையைத்தான்.

அந்த அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. அதே பட்டப்பெயருள்ள முன்னவர் ஒருவர் பாண்டியன் குலசேகரனுக்காகப் படையோடு போய், யாப்பகூவாவிலிருந்து புத்தரின் பல்லை எடுத்துவந்ததை இலங்கைப் பிக்குகள் எழுதிய சூளவம்சம் சொல்கிறது. ஆனால் 1344இல் அவர்கள் கை புத்தளம்வரை நீண்டிருந்ததற்கு நேரில் பார்த்த சாட்சி இந்த மனிதர்தான். அவர்கள் கதையைச் சொல்லும் யாழ்ப்பாண வைபவமாலை எழுதப்பட்டதே 18ஆம் நூற்றாண்டில், ஒல்லாந்தர் காலத்தில். எந்த மன்னன் எந்த விகாரையைக் கட்டினான் என்று குறித்துவைத்த பிக்குகளுக்குக் கரையில் ஒதுங்கிய கட்டையைப் பற்றி என்ன கவலை? தினம் பார்க்கிறதை யார் எழுதுவார்?

திருச்சுழியில் இறங்கி டீக்கடைக்குப் போனேன். எதிரே ரோட்டில் பாதியை மிளகாய் பிடித்திருந்தது. உருண்டை உருண்டையாகக் குண்டு வத்தல், தொண்டை கமறியது. ஒரு பெண் காலாலேயே கிளறிக்கொண்டு போனார், உழவுச்சால் மாதிரி கோடு விழுந்தது. ‘திருச்சுழியில் மிளகாய் ஏராளம்’ என்று நோட்டில் எழுதினேன். டீ வைக்க வந்த கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“இது எங்க ஊரு வத்தல் இல்லண்ணே. பக்கத்து ஊர்க்காரங்களோடது. இங்க ரோடு புதுசா போட்டிருக்குல்ல, அதான் கொண்டாந்து கொட்டியிருக்காக.”

அடித்துவிட்டுத் திருத்தினேன். இப்னு பதூதாவுக்கு இப்படி ஒரு டீக்கடைக்காரர் வாய்க்கவில்லை. இலங்கை மன்னன் கொடுத்த ரத்தினங்களைக்கூட இந்திய மேற்குக் கரையில் கடற்கொள்ளையரிடம் பறிகொடுத்தவர், ஊர் திரும்பி, பத்து வருஷம் கழித்து ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதினார். நூல் முடிந்தது 1355இல். இலங்கையின் தென்கோடியில் தெவிநுவரைக் கோயிலில் ஆயிரம் பிராமணர், ஐந்நூறு ஆடல்மகளிர் என்கிறார். தலையை எண்ணியா பார்த்திருப்பார்? பெரிய கோயில் என்ற அளவில் நான் எடுத்துக்கொள்கிறேன். கோயில் பொய்யில்லை. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ இலங்கையின் காலி நகரில் நாட்டிய கல், 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, சீனத்தில் புத்தருக்கும் பாரசீகத்தில் அல்லாவுக்கும் தமிழில் தெனாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. தெனாவரை நாயனார் அந்தக் கோயில் சாமிதான். ஒரு வெளியூர்க்காரருக்கு இன்னொரு வெளியூர்க்காரர் சாட்சி!

திருமேனிநாதர் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் குண்டாற்றுக்குப் போனேன். சொட்டுத் தண்ணீர் இல்லை. மணலில் ஆட்டுக் குளம்புத் தடம், கருவேலங்காய். வந்தால் இந்த ஆறு மன்னார் வளைகுடாவில் போய் விழும். அந்தக் கடலுக்கு அக்கரையில் புத்தளம்.

திரும்பி வந்து இன்னொரு டீ சொன்னேன்.

“ஆத்துக்குப் போனீகளா?” என்றார் கடைக்காரர். “ரமணர் பொறந்த வீட்டைப் பாக்க வெள்ளைக்காரவுக வருவாக. அவுகளும் அங்கதான் போவாக. தண்ணியில்லாத ஆத்தை அம்புட்டு நேரம் போட்டோ எடுப்பாக. என்னத்துக்குன்னுதான் தெரியலை.”