ஒட்டுப் படம்

தில்லியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எங்கள் திருமணப் புகைப்படம் மாட்டியிருக்கிறது. மனைவியின் பக்கத்தில் அம்மா சிரித்தபடி நிற்கிறார். உண்மையில் திருமணத்துக்கு ஒன்பது மாதம் முன்பே, 2007ல், அம்மா இறந்துவிட்டார். வேறு சாதிப் பெண் என்பதால் கடைசிவரை அவர் சம்மதிக்கவில்லை. அக்கா கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து அம்மாவை வெட்டியெடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டச் செய்தது அண்ணன்.

நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கு இது புதிய வித்தையல்ல. கத்தரிக்கோல், பசை, தூரிகை காலத்திலேயே இறந்தவர்களைக் குடும்பப் படத்தில் சேர்த்துக் கொடுத்தவர்கள்தான். இருந்தும் அந்தப் படம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மொழிபெயர்ப்பாளன் புத்தி. மூலத்தில் இல்லாத ஒரு வரியைச் சேர்க்கக் கை கூசும்.

ஓவியர் விவான் சுந்தரத்தின் ‘ரீ-டேக் ஆஃப் அம்ரிதா’ படங்களை ஒரு நண்பர் வீட்டில் புத்தகமாகப் பார்த்த பிறகுதான் வேறு மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். ஓவியர் அம்ரிதா ஷெர்-கில் அவருடைய பெரியம்மா. தாத்தா உம்ராவ் சிங் ஷெர்-கில் (1870-1954) தன்னையும் குடும்பத்தையும் ஓயாமல் படமெடுத்தவர். ஐரோப்பாவிலும் சிம்லாவிலும் அவர் எடுத்த படங்களை 2001 வாக்கில் பேரன் கம்ப்யூட்டரில் கலைத்து அடுக்கினார். வெவ்வேறு ஆண்டுகளைச் சேர்ந்த தந்தையும் மகளும் அதில் ஒரே அறைக்குள் வந்துவிடுகிறார்கள்.

அம்ரிதா லாகூரில் இறந்தது 1941ல், 28 வயதில். விவான் பிறந்தது 1943ல். பெரியம்மாவை அவர் பார்த்ததே இல்லை. அப்படியானால் இது யாருடைய நினைவு? வீட்டில் கேட்ட கதைகளும் பழைய ஆல்பங்களும் பார்க்காத ஏக்கமும் சேர்ந்ததுதான். ஆனால் விவான் எதையும் ஒளிக்கவில்லை. இப்படி ஒரு கணம் நடந்திருக்க முடியாது என்று படமே சொல்லிவிடுகிறது. எங்கள் படத்தின் தவறு ஒட்டியது அல்ல, ஒட்டியதை மறைத்தது.

2023 மார்ச்சில் விவான் காலமானார். செய்தியைப் படித்த அன்று படத்தைக் கழற்றினேன். மனைவி தடுத்தாள். “இருக்கட்டுங்க. அவங்க என் பக்கத்துல நிக்கிற படம் இது ஒண்ணுதான்.”

கையிலிருந்த படத்தை மகள் வாங்கிப் பார்த்தாள். “பாட்டி யாரைப் பார்த்துச் சிரிக்கிறாங்க?”

அம்மாவின் கண்கள் காமிராவையும் பார்க்கவில்லை, எங்களையும் பார்க்கவில்லை என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை. “உன் அத்தையைப் பார்த்து” என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், சாதி உட்பட. அவள் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அக்காவின் கல்யாணப் படத்தைப் பிரதி எடுத்து வந்தேன். இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வருகிறவர்கள் கேட்கிறார்கள். மகள்தான் விளக்குகிறாள்.