அப்பத்தா சொன்ன ஆலமரம்

மாணவி, பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு

"சென்னைக்குக் கல்விச் சுற்றுலா!" என்று தலைமை ஆசிரியை அருட்சகோதரி காலை வழிபாட்டில் அறிவித்ததும் நாங்கள் எழுப்பிய கூச்சலில், பக்கத்து ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் எல்லாம் எட்டிப் பார்த்தனர். ஆனால் கட்டணம் 2,200 ரூபாய் என்று கேட்டவுடன் என் கூச்சல் அடங்கிவிட்டது. அப்பாவிடம் கேட்க எனக்குத் துணிவில்லை. எப்படியோ செய்தி அப்பத்தாவின் காதுக்கு எட்டியது. அடுத்த வாரமே தம் கிடாய்க்குட்டியைச் சந்தையில் விற்றுவிட்டு வந்து, பணத்தை என் கையில் வைத்தார்.

"அடையாறுல ஒரு ஆலமரம் இருக்கு தாயி. அதோட அடிமரத்தைத் தொட்டுட்டு வா. எனக்கு வேற ஒண்ணும் வாங்கியார வேணாம்" என்றார்.

அப்பத்தாவும் எங்கள் பள்ளி மாணவிதான். 1979-இல் பத்தாம் வகுப்புப் படித்தபோது சிஸ்டர்மார் அழைத்துப் போய் அந்த மரத்தைக் காட்டினார்களாம். பத்தாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. அதன்பின் அவர் சென்னைப் பக்கமே போனதில்லை.

புறப்படுமுன் ஒவ்வொருத்தியும் ஓர் இடத்தைப் பற்றிப் படித்து வந்து வகுப்பில் பேச வேண்டும் என்று தமிழாசிரியை கட்டளையிட்டார். நான் ஆலமரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிரம்மஞான சபையினர் 1882-இல் அடையாற்றங்கரையில் வாங்கிய தோட்டத்தில் நிற்கும் மரம் அது. வயது சுமார் 450 ஆண்டுகள். அன்னி பெசன்ட் அம்மையாரும், 1939-இல் இந்தியாவுக்கு வந்த மரியா மாண்டிசோரியும் உரையாற்றிய நிழல் அது. இவற்றை எல்லாம் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டே வந்தவள், ஒரு வரியில் நின்றுவிட்டேன். 1989-இல் அடித்த புயல் காற்றில் நடு அடிமரம் சாய்ந்துவிட்டது!

வீட்டிற்குப் போய் இதை எப்படிச் சொல்வேன்? ஆட்டை விற்றாகிவிட்டதே! ஒன்றும் சொல்லாமலே பெட்டியைக் கட்டினேன்.

காலாண்டுத் தேர்வு முடிந்த இரவு எங்கள் பேருந்து புதுக்கோட்டையை விட்டுக் கிளம்பியது. விடியற்காலையில் மயிலாப்பூரில் ஒரு கன்னியர் இல்லத்தில் இறங்கிக் குளித்து, இட்லி உண்டு, முதலில் சாந்தோம் பேராலயத்திற்குச் சென்றோம். இப்போதுள்ள ஆலயம் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. ஆலயத்தின் கீழே இறங்கினால் புனித தோமையாரின் கல்லறை. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வந்து செபித்த இடம். அம்மா கொடுத்தனுப்பிய மெழுகுதிரியை ஏற்றிவிட்டுச் சிறிது நேரம் முழந்தாளிட்டேன். என்ன வேண்டினேன் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

பின்னர் நடந்தே கபாலீசுவரர் கோவில் குளக்கரைக்கும், அங்கிருந்து 1516-இல் போர்த்துக்கீசியர் கட்டிய பிரகாச மாதா ஆலயத்திற்கும் போனோம். மயிலாப்பூரை நடந்துதான் பார்க்க வேண்டும். மாட வீதிகளில் பூக்கூடைகளும், வெற்றிலைக் கவுளிகளும், கொலுப் பொம்மைகளுமாக நாங்கள் கால் வைக்க இடமில்லை. மெட்ரோ ரயில் வேலைக்காகச் சாலை நெடுகத் தகரம் அடித்திருந்தார்கள். அந்தச் சந்திலும் ஒரு பாட்டி கீரைக்கட்டுகளை அடுக்கி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ச் சந்தையே இடம் மாறி வந்துவிட்டதோ என்று எனக்குத் தோன்றியது.

அடுத்த ஆண்டு செல்லவிருக்கும் தங்கையரே, திருமயிலை நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏற மறவாதீர்கள்! ஐந்து ரூபாய்ச் சீட்டுதான். வீடுகளின் மொட்டைமாடிகளுக்கு நேராக ஓடி, அடையாற்றைத் தாண்டும் அந்தச் சில நிமிடங்களுக்கு ஐம்பது ரூபாய்கூடக் கொடுக்கலாம். கோட்டூர்புரத்தில் இறங்கி அண்ணா நூற்றாண்டு நூலகம் சென்றோம். 2010-இல் திறக்கப்பட்ட ஒன்பது தளக் கட்டடம். தரைத் தளத்திலேயே பார்வையற்றோருக்கான பிரெயில் நூல்கள் இருக்கின்றன. பிற தளங்களில் நான் என்ன பார்த்தேன் என்று கேட்டால் விழிப்பேன். ஒரு நாற்காலியில் அமர்ந்து கதைப் புத்தகம் ஒன்றைப் பிரித்தேன், அவ்வளவுதான் தெரியும்!

மாலையில் பெசன்ட் நகர்க் கடற்கரை. அங்கே வெள்ளை வளைவுபோல் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1930-இல் கடலில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய்த் தம் உயிரைக் கொடுத்த டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட் என்பவருக்காக எழுப்பியதாம். அதைச் சொல்லிவிட்டு, "கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது" என்றார் சிஸ்டர். ஒருத்தியும் மீறவில்லை.

இனி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதத்தான் வேண்டும்.

மறுநாள் முற்பகல் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரால் 1920-களில் உருவான நகர் இது. மாம்பலத்தில் இருந்த நீண்ட ஏரியைத் தூர்த்துக் கட்டினார்களாம். இப்போது அங்கே மனித ஏரி! ரங்கநாதன் தெருவில் நாம் நடக்க வேண்டியதே இல்லை. கூட்டமே நம்மைக் கொண்டுபோய்விடும். ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒரு மணி நேரம் கொடுத்து, "பன்னிரண்டு மணிக்கு மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டில் எல்லாரும் இருக்க வேண்டும்" என்று சிஸ்டர் மூன்று முறை சொன்னார். பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு வரை ஆலமரத்திற்கும், அங்குள்ள பழைய நூலகத்திற்கும் கடிதம் எழுதி அனுமதி வாங்கியிருந்தார்.

ஒரு ஜோடித் தோடு என்னைப் பிடித்துக்கொண்டது. 120 ரூபாய் என்றார் கடைக்காரர். நான் எண்பது என்றேன். என் தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இரு டீ, குறைப்பாரு" என்றேன். தொண்ணூறுக்கு முடித்துத் திரும்பிப் பார்த்தால் எங்கள் குழுவில் மற்ற மூவரும் இல்லை! பதறிப்போய் இருவரும் நடந்தோம். கூட்டம் தள்ளிய பக்கமே நடந்து உஸ்மான் சாலைக்கு வந்து சேர்ந்தோம். நிலையம் தெருவின் மறுமுனையில் இருக்கிறது. தோழி அழத் தொடங்கினாள். எனக்கு அழுகைகூட வரவில்லை, நாக்கு ஒட்டிக்கொண்டது.

நடைபாதையில் ஹேர்கிளிப் விற்ற ஓர் அக்கா எங்கள் சீருடையைப் பார்த்து, "எந்த ஸ்கூலு பாப்பா? தொலைஞ்சிட்டீங்களா?" என்று கேட்டார். சட்டைப் பையில் சிஸ்டரின் எண் எழுதிய சீட்டு இருந்தது. தம் கைப்பேசியிலேயே அழைத்துப் பேசி, சிஸ்டர் வரும்வரை எங்களைத் தம் முக்காலியில் உட்கார வைத்திருந்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சிஸ்டர் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. எல்லாரும் பேருந்தில் ஏறியபோது மணி ஒன்றே கால். சாப்பாட்டை முடித்து, சைதாப்பேட்டை நெரிசலில் ஊர்ந்து, அடையாறு வாயிலை அடைந்தபோது மூன்றரை. நூலகம் இல்லை, மரம் மட்டும்தான் என்று முடிவாயிற்று. எங்கள் வகுப்பில் ஒருத்தி ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பேசியவள். அந்த நூலகத்துச் சுவடிகளைப் பார்க்கத்தான் அவள் வந்ததே. "பரவாயில்லை விடு" என்றாள் என்னிடம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

மரத்தை எப்படி வர்ணிப்பேன்! அது மரம் மாதிரி இல்லை, தோப்பு மாதிரி இருக்கிறது. விழுதுகள் இறங்கித் தூண்களாகி, அந்தத் தூண்கள் கிளை விட்டு, எங்கே தொடங்கியது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. வெளியே அத்தனை வண்டிச் சத்தம், உள்ளே கிளிகளின் சத்தம் மட்டும். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் மட்டும் நடுவே எங்கே வெற்றிடம் என்று தேடிக்கொண்டிருந்தேன். "அடிமரம் இங்கேதான் இருந்தது" என்று உடன் வந்த பெரியவர் ஓரிடத்தைக் காட்டினார். மரத்தைத் தொடக்கூடாது என்றார். பாட்டிக்காக என்று சொன்னதும், கீழே விழுந்து கிடந்த இலையில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

திரும்பும்போது தமிழாசிரியை ஒன்று சொன்னார். 1886-இல் நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மன்னர் கல்லூரியில் சேர்ந்து படித்தவர். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் இருப்பதும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையை உருவாக்கியதும் இதே அடையாற்றில்தான். அவற்றை வெளியிலிருந்தாவது பார்த்திருக்கலாம். நேரமில்லை. ஏன் நேரமில்லை என்று யாரும் என் பக்கம் திரும்பிப் பார்க்காதது அவர்களுடைய பெருந்தன்மை.

வீடு வந்ததும் இலையை அப்பத்தாவின் கையில் வைத்தேன். தோட்டையும் வைத்தேன். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். தோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"விழுந்துருச்சா? எப்ப?"

"1989-ல அப்பத்தா."

"ஒங்கப்பன் அப்ப ஒண்ணாங்கிளாசு" என்றார். சற்று நேரம் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "சாப்பாடு ஒழுங்காப் போட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார். இதுவரை நான் பார்த்திராத ஒரு புகைப்படத்தை எடுத்து வந்தார். ஆலமரத்தடியில் தாவணி போட்ட மாணவியர் மூன்று வரிசையாக, நடுவில் இரண்டு சிஸ்டர்மார். பின்வரிசையில் இரட்டைச் சடையோடு அப்பத்தா.

"இதுல அடிமரம் எங்க?" என்றேன்.

அப்பத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் தேடினார். பிறகு சிரித்துவிட்டார். அடிமரம் முழுவதையும் மறைத்துக்கொண்டு அவர்கள்தான் நிற்கிறார்கள்.